மூன்று மில்லிமீட்டர்

லிங்கராஜபுரம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில்
டயர்க் கடைக்கு மேலே மூன்றாம் மாடி.
லிஃப்ட் உண்டு,
உருளைக்கிழங்கு மூட்டைக்கு மட்டும்.

முதல் நாள் கொடுத்த வெள்ளைக் கோட்டில்
இடது மார்பில் நீல நூலில்
அஃப்சல் என்றிருந்தது.
போன பேட்சில் பாதியில் நின்றுபோனவனாம்.
புதுசு வரும்வரை போட்டுக்கோங்க அக்கா, என்றாள்
நிஷ்மிதா மேடம். மங்களூர்.
என்னைவிடப் பத்து வயது சின்னவள்.
புதுசு வரவில்லை.

வெங்காயத்தை மூன்று மில்லிமீட்டர்ச் சதுரமாக
நறுக்கினால் அதற்குப் பெயர் புருன்வாஸ்.
சூடான டீயை ஊதுவதுபோல
உதட்டில் தொடங்கும் சொல்.
பலகை பலகையாக ஸ்கேல் வைத்து அளந்தாள்.
ஜார்க்கண்ட் பையன் பிகாஷுக்கு ஐந்து.
ஸ்டெல்லாவுக்கு நாலு, ஆறு, ஒன்று முழுசாகவே கிடந்தது.
எனக்கு மூன்று.
மூன்று.
மறுபடி எடுத்து அளந்தாள். மூன்று.

எங்கே கத்துக்கிட்டீங்க?
பொம்மனஹள்ளியில் மேடம், பதினோரு வருஷம்.
எந்த ஹோட்டல்?
சட்டைக் காலர், என்றேன்.

காலர் ஓரத்திலிருந்து மூன்று தள்ளி ஓட வேண்டும் தையல்.
நாலானால் பீஸ் திரும்பி வரும்,
சூப்பர்வைசரின் வாயும் கூடவே வரும்.
ஒரு வெள்ளிக்கிழமை கம்பெனி கேட்டைப் பூட்டினார்கள்.
கண் மட்டும் வேலையை விடவில்லை.
இட்லித் துணியின் மடிப்பு, பிள்ளையின் வகிடு,
எதைப் பார்த்தாலும் அளந்தது.

ஐந்து டிகிரிக்குக் கீழே வை,
இல்லையென்றால் அறுபதுக்கு மேலே வை,
நடுவில் இருப்பது ஆபத்து.
நோட்டில் எழுதிக்கொண்டேன்.
எங்கள் வீட்டுச் சாம்பார்
இத்தனை வருஷமும் அந்த நடுவில்தான் இருந்தது.
நாங்களும்.

எல்லாம் வந்தது, ஒன்றைத் தவிர.
கத்தி விழுந்தால் பிடிக்காதே.
கையைத் தூக்கு, காலை விலக்கு, விழட்டும்.
மரக் கத்தியை வைத்துப் பழக்கினார்கள்.
ஒன்பது முறை தவறவிட்டாள்,
ஒன்பது முறையும் பிடித்தேன்.
டம்ளர், குழந்தை, சீட்டுப் பணம்,
குடித்துவிட்டுப் படியேறி வருகிற ஆள்,
விழுவதை எல்லாம் தாங்கித் தாங்கி
மூளையைக் கேட்காமலே நீளும் கை.
அக்கா, இது உங்க வீடில்லை, என்றாள்.
கோபமாகச் சொல்லவில்லை.

பரீட்சையன்று கேரட் நடுவில்
நிஜக் கத்தி வழுக்கியது.
போலீஸ் முன்னால் நிற்பவள்போல
இரண்டு கையும் மேலே போய்விட்டன.
ரப்பர் பாயில் குத்தி நின்று
கொஞ்ச நேரம் ஆடியது கத்தி.
நிஷ்மிதா மேடம் பேப்பரில் ஒரு டிக் போட்டாள்.
சர்ட்டிஃபிகேட்டில் அதற்குத் தனியே
மார்க் போடுவதில்லை.

ஒயிட்ஃபீல்டு ஹோட்டலில் கேட்டார்கள்:
ஃப்ரெஷரா?
முப்பத்தாறு வயது, இரண்டு பிள்ளை, ஒரு தாலி அடகில்.
ஆமாம் சார், ஃப்ரெஷர்.
கமி மூன்று. பதின்மூன்றாயிரத்து ஐந்நூறு.
ஒரு வேளைச் சாப்பாடு.
கோட்டுக்குப் பிடித்தம் ஆயிரத்து இருநூறு என்றார்கள்.
என்னிடம் இருக்கிறது, என்றேன்.

திரும்பும் பஸ்ஸில், நெரிசலில்,
பின்னால்! பின்னால்! என்று
கிச்சனில் கத்துவதுபோலவே கத்திக்கொண்டு நகர்ந்தேன்.
வழி விட்டார்கள். ஒருவர் முறைத்தார்.

ராத்திரி அஃப்சலை அவிழ்த்தேன்.
டென்ஷன் சரியில்லாத தையல், இழுத்ததும் வந்தது.
தம்பி, நீ எந்த அடுப்புப் பக்கம் நிற்கிறாயோ,
உன் பெயரின் ஓட்டைகள் மட்டும் வரிசையாக நின்றன,
துவைத்தால் மூடிக்கொள்ளும்.
நீல நூல் வீட்டில் இல்லை.
அவன் நூலையே ஊசியில் கோத்து
என் பெயரைத் தமிழில் தைத்தேன்.
படிக்கத் தெரிந்தவர்கள் படிக்கட்டும்.

தனபாக்கி வரைக்கும் வந்து
தீர்ந்துவிட்டது.
கடைசி இரண்டு எழுத்துக்கு நூலில்லை.

இருக்கட்டும்.
சம்பளம் ஏழாம் தேதி.